விளைந்த பிறகா தண்ணீர்?

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தப்பாமல் காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. "மொதல்ல எழுத்தக் கூட்டிப் படிக்கட்டும் சார். அர்த்தமெல்லாம் அப்பறம் தன்னால வரும்." சொல்பவர் தாயோ தகப்பனோ ஆசிரியரோ, ஆய்வுக்கு வந்த அதிகாரியாகக்கூட இருக்கலாம். தஞ்சாவூரிலிருந்து திருத்துறைப்பூண்டி வரைக்கும் குரல் ஒன்றுதான். இதற்கு ஒரு தங்கச்சிப் பேச்சும் உண்டு: "படத்தயே பாத்துக்கிட்டு இருந்தா புள்ள எப்ப படிக்கிறது?" படமெல்லாம் அங்கன்வாடியோடு சரி. ஒன்றாம் வகுப்பில் எழுத்து, இரண்டாம் வகுப்பில் சொல், மூன்றாம் வகுப்பில் வாக்கியம். அதற்கு மேல் புரிந்தால் லாபம்.

நானும் இந்த டெல்டாவில் முப்பது வருஷத்துக்கு மேல் தொடக்கப்பள்ளி வாத்தியாராக இருந்தவன். இதே பேச்சை நம்பினேன். பயிற்சிக்கு வந்த இளம் ஆசிரியர்களுக்கும் சொல்லிக்கொடுத்தேன். ஆகவே இங்கே நான் மறுத்து எழுதுவது வேறு யாரையோ இல்லை, என் சர்வீஸ் புத்தகத்தின் பெரும்பகுதியை.

எதிர்வாதத்தை அதன் முழு பலத்தோடு வைத்துவிட்டுப் பேசுவதுதான் முறை. எனக்கு மேலே இருந்த ஒரு தலைமையாசிரியர் அதை எங்கள் ஊர்ப் பாஷையிலேயே வைத்தார். "நாத்து விடாம நடவு உண்டா? நடாம அறுப்பு உண்டா? எழுத்து நாத்து. வாசிக்கிறது நடவு. புரிஞ்சிக்கிறது அறுப்பு. அறுப்ப மொதல்ல கேட்டா எப்படி?" கேட்டதும் வாயை மூடிக்கொண்டேன். அழகான உவமை. அதில் ஓர் ஓட்டை இருப்பது தெரிய எனக்குப் பல வருஷம் பிடித்தது. அந்த உவமையில் தண்ணீரே கிடையாது. நாற்றங்காலுக்குத் தண்ணீர் வேண்டும், நடவுக்கு வேண்டும், தூர் கட்டும்போதும் பால் பிடிக்கும்போதும் வேண்டும். அறுப்புக்குத்தான் வேண்டாம்; அதற்கு முன்னாலேயே வயலை வடித்துவிடுகிறோம். புரிதலை அறுப்பின் இடத்தில் வைத்ததுதான் பிழை. புரிதல் தண்ணீர். முதல் நாளிலிருந்து பாய வேண்டியது. பயிர் முற்றட்டும், பிறகு மடையைத் திறப்போம் என்று ஒருவர் சொன்னால் இந்த ஊரில் அவருக்கு யாரும் குத்தகைக்கு நிலம் கொடுக்க மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் மட்டும் அதையே திட்டம் என்கிறோம்.

ஒரு தை மாதம், திருவையாற்றுக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் மாலை வேளையில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் வகுப்புப் படிக்கும் தன் மகள் கணீரென்று வாசிப்பாள் என்று ஒரு தாய் பெருமையோடு அவளை முன்னால் நிறுத்தினார். சிலேட்டில் மூன்று வரி எழுதிக் கொடுத்தேன். பாட்டி குடையை மறந்து கடைக்குப் போனாள். திரும்பி வந்தவள் முந்தானையைப் பிழிந்தாள். அடுப்புப் பக்கம் வந்து உட்காரச் சொன்னான் பேரன். சிறுமி ஓரிடத்திலும் திக்கவில்லை. "அன்னைக்கு மழை பெஞ்சிதா, பெய்யலையா?" என்று கேட்டேன். அவள் கண்கள் மூன்று வரியிலும் மேலும் கீழுமாக ஓடின. பிறகு நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்: "மழைன்னு போடலையே சார்."

அவள் பேரில் ஒரு தப்பும் இல்லை. வினாவில் உள்ள சொல்லைப் பாடத்தில் தேடு, அகப்பட்ட வரியை அப்படியே எடுத்து எழுது என்பதுதான் நாம் கொடுத்த பயிற்சி. பயிற்சியை அவள் சரியாகவே செய்தாள். இதே சிறுமி வீட்டில் இருக்கும்போது அம்மா முந்தானையைப் பிழிந்துகொண்டு உள்ளே நுழைந்தால், கொல்லைக் கொடியில் காயும் துணியை எடுக்க ஓடுவாள். அங்கே மழை என்று யாரும் எழுதிப் போட வேண்டியதில்லை. ஆக, குறிப்பறியும் அறிவு அவளிடம் நிறைய இருக்கிறது. புத்தகத்தைத் திறந்ததும் அதை வெளியே செருப்போடு கழற்றி வைத்துவிட வேண்டும் என்று நாம்தான் பழக்கியிருக்கிறோம்.

'தன்னால வரும்' என்ற நம்பிக்கைக்குத் தமிழ் எழுத்தின் குணமும் ஒரு காரணம். ஆங்கிலத்தில் சொல் தெரியாத குழந்தை அதை உச்சரிக்கவே தடுமாறும். தெரியாதது வெளியே தெரிந்துவிடும். தமிழ் அப்படி இல்லை. 247 எழுத்தும் பிடிபட்டுவிட்டால் எதையும் ஒலித்துவிடலாம். அந்தச் சிறுமியிடம் பத்திரப் பதிவு ஆவணத்தைக் கொடுத்தாலும் கடகடவென்று வாசிப்பாள். ஒரு வரியும் விளங்காது, விளங்கவில்லை என்று பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. எழுத்தின் எளிமையே புரியாமையை மூடி மறைக்கும் போர்வையாகிவிடுகிறது. போதாக்குறைக்கு நாம் பேசும் தமிழ் வேறு, அச்சில் இருக்கும் தமிழ் வேறு. எங்கள் பக்கத்துப் பிள்ளை "பஸ்ஸு வந்துட்டு" என்று சொல்லும். புத்தகத்திலோ "பேருந்து வந்துவிட்டது" என்று இருக்கும். ஆறு வயதுப் பிள்ளைக்கு அது பாதி அயல்மொழி. ஒலித்துக்கொண்டே இருந்தால் அந்த இடைவெளி அடைபடும் என்று சொல்வதற்கு ஒரு ஆதாரமும் இல்லை.

ஆராய்ச்சி உலகம் இதைக் கணக்காகவே சொல்லிவிட்டது. 1986-ல் கஃப், டன்மர் என்ற இருவர் வாசிப்பை ஒரு பெருக்கலாக எழுதினார்கள். ஒரு பக்கம் எழுத்தை ஒலியாக்கும் திறன், மறுபக்கம் மொழியைப் புரிந்துகொள்ளும் திறன். இரண்டையும் பெருக்கினால் வருவது வாசிப்பு. இதில் கவனிக்க வேண்டியது கூட்டல் குறி இல்லை என்பதுதான். கூட்டலாக இருந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுகட்டும். பெருக்கலில் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். எழுத்து நூற்றுக்கு நூறு, புரிதல் பூஜ்யம் என்றால் அந்தக் குழந்தை வாசிக்கவில்லை, ஓசை எழுப்புகிறது. எழுத்து வேண்டாம் என்பவர்களுக்கும் இதே கணக்குத்தான் பதில். அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஆனால் நாம் எதை அளக்கிறோம்? 2022 ஜூன் மாதம் இல்லம் தேடிக் கல்வி மையங்களில் கூகுளின் ரீட் அலாங் செயலியை வைத்து வாசிப்பு மாரத்தான் நடந்தது. பிள்ளைகள் எத்தனை சொற்களைச் சரியாக வாசித்தார்கள் என்று செயலி எண்ணியது. எங்கள் பக்கத்து லால்குடி ஒன்றியம் முதலிடம் பெற்றது. நாளிதழ்களில் படித்து நாங்களும் மகிழ்ந்தோம். கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்த பிறகு குழந்தைகள் மறுபடி சொற்களைத் தொட்டதே பெரிய காரியம். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த லட்சக்கணக்கான சொற்களில் எத்தனை குழந்தையின் மனசுக்குள் போய் உட்கார்ந்தன என்று எண்ண அந்தச் செயலியில் இடமில்லை. ஊரெல்லாம் மேற்கோள் காட்டும் ஏசர் அறிக்கையின் வாசிப்புச் சோதனையும் எழுத்து, சொல், பத்தி, கதை என்று வாய்விட்டு வாசிக்கச் சொல்லி அளப்பதுதான். 2022 அறிக்கையின்படி தமிழ்நாட்டு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 4.8 சதவீதம். இந்த எண் வந்ததும் எல்லோரும் பதறி எழுத்துப் பயிற்சியை இன்னும் இறுக்கினார்கள். நூற்றில் வாசித்த அந்த ஐந்து பேரிலாவது எத்தனை பேருக்குக் கதை விளங்கியது என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. மரக்காலில் பதரையும் நெல்லையும் சேர்த்து அளந்தால் அளவு நிறையத்தான் வரும்.

எழுத்து தெரிந்தால் பொருள் தன்னால் வரும் என்பவர்களிடம் எனக்கு ஒரே ஒரு கேள்வி. உ.வே.சாமிநாதையரைவிட நன்றாக எழுத்துத் தெரிந்தவர் உண்டா? பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்துக்காரர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். 1880-ல் அந்த ஊருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார் அவரிடம் சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று கேட்டார். அந்தாதியும் பிள்ளைத்தமிழும் புராணமும் கரைத்துக் குடித்தவருக்கு அது புதுசு. ஏடு கிடைத்தது. எழுத்து தெரியும், இலக்கணம் தெரியும், பக்கத்தில் நச்சினார்க்கினியர் உரையும் இருந்தது. அப்படியும் பொருள் ஓடவில்லை. அது சமண நூல். சமணரின் உலகம் சைவ மடத்தில் வளர்ந்தவருக்குத் தெரியாது. ஐயர் என்ன செய்தார்? தன்னால் வரும் என்று காத்திருக்கவில்லை. கும்பகோணத்திலேயே இருந்த சமணர் வீடுகளுக்குப் போய், தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேட்டார். கேட்டதை ஏட்டோடு ஒட்டிப் பார்த்தார். ஓரிடத்தில் விளங்காததற்கு வேறிடத்தில் விளக்கம் தேடினார். பதிப்பு 1887-ல்தான் வெளிவந்தது.

இதைத்தான் இன்று வாசிப்பு உத்திகள் என்று பெரிய பெயரிட்டு அழைக்கிறார்கள். விளங்கவில்லை என்று தனக்குத்தானே கண்டுகொள்வது, கேள்வி கேட்பது, முன் தெரிந்ததோடு பொருத்துவது, திரும்பிப் போய்ப் பார்ப்பது. தமிழ்த் தாத்தாவுக்கே அது தன்னால் வரவில்லை, உழைத்து வரவழைத்தார். ஏழு வயதுப் பிள்ளைக்குத் தன்னால் வந்துவிடும் என்கிறோம்.

'நாங்கள் கேள்வி கேட்காமலா விடுகிறோம், பாடம் முடிந்ததும் பத்து வினா இருக்கிறதே' என்பார்கள். இருக்கிறது. அமெரிக்காவில் டோலரஸ் டர்கின் என்ற ஆய்வாளர் வகுப்பறைகளில் போய் உட்கார்ந்து கடிகாரத்தை வைத்துப் பார்த்து 1978-79-ல் எழுதினார். நான்காம் வகுப்பு வாசிப்புப் பாடங்களில் அவர் கவனித்தது 4,469 நிமிடம். அதில் புரிந்துகொள்வது எப்படி என்று ஆசிரியர் சொல்லிக்கொடுத்தது சுமார் 20 நிமிடம். மற்றபடி புரிந்ததா என்று சோதித்தார்கள், சோதித்தார்கள், சோதித்துக்கொண்டே இருந்தார்கள். என் வகுப்பில் அவர் வந்து உட்கார்ந்திருந்தால் அந்த 20 நிமிடமும் தேறியிருக்காது. நீச்சல் சொல்லித்தராமல் ஆற்றில் தள்ளி, கரையேறியவனுக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தேன்.

சரி, சொல்லிக்கொடுப்பதென்றால் எதை வைத்து? இங்கேதான் படப்புத்தகம் வருகிறது. தங்கச்சிப் பேச்சுக்கும் பதில் இங்கேதான்.

பாட் ஹட்சின்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1968-ல் ஒரு படப்புத்தகம் போட்டார். ரோசி என்ற கோழி உலாவப் போய்த் திரும்பி வரும் கதை. மொத்தம் 32 சொற்கள், ஒரே வாக்கியம். முற்றம், குளம், வைக்கோல் போர், மாவு ஆலை, வேலி, தேனீப் பெட்டிகள் என்று கோழி பாட்டுக்கு நடந்துபோய் இரைக்கு நேரத்தோடு வீடு திரும்புகிறது. எழுத்தை மட்டும் வாசித்தால் இவ்வளவுதான். இதற்கு ஒரு புத்தகமா என்று தோன்றும். படத்தைப் பார்த்தால் கோழிக்குப் பின்னாலேயே ஒரு நரி. பாய்ந்து பாய்ந்து பார்க்கிறது. ஒரு தடவை குளத்தில் விழுகிறது, ஒரு தடவை வைக்கோலில் புதைகிறது, கடைசியில் தேனீக்கள் துரத்த ஓடுகிறது. நரி என்ற சொல் அந்த 32-ல் ஒன்றாகக்கூட இல்லை. எழுத்தை மட்டும் நம்புகிற பிள்ளைக்கு அது சுவாரஸ்யமில்லாத ஒரு கோழிக் கதை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற பிள்ளைக்குத்தான் கதையே. சொன்னதற்கும் சொல்லாததற்கும் நடுவில் பொருள் இருக்கிறது என்று மூன்றாம் வகுப்புக்கு இதைவிட எளிதாக எந்தப் பாடத்தால் சொல்ல முடியும்?

படம் குழந்தையைச் சோம்பேறியாக்கும் என்பது தலைகீழான பேச்சு. எழுத்துக் கூட்டுவதற்கே மூச்சு முழுதும் செலவாகும் வயதில், பொருளைப் பற்றி யோசிக்க மிச்சம் ஏது? படம் அந்தச் சுமையைக் கொஞ்சம் இறக்கி வைக்கிறது. இறக்கி வைத்த நேரத்தில் யோசிக்கப் பழகலாம். பக்கத்தைத் திருப்புமுன் நிறுத்தி, அடுத்து என்ன ஆகும் என்று கேட்கலாம். 'எத வச்சு அப்படிச் சொல்ற?' என்ற அடுத்த கேள்விதான் இன்னும் முக்கியம். பிள்ளை விரலை வைத்து இடத்தைக் காட்ட வேண்டும். திருப்பிப் பார்த்ததும் நினைத்தது தப்பென்றால் மாற்றிக்கொள்ள வேண்டும். முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டுத் தன் பேச்சிலேயே கதையைச் சொல்ல வேண்டும். இவை ஒவ்வொன்றும் பிற்பாடு படமே இல்லாத பாடத்தில் செய்ய வேண்டிய வேலை. படத்தில் பழகிய கண்தான் எழுத்திலும் அதைத் தேடும்.

எங்கள் ஊரை வைத்தே ஒரு பக்கம் கற்பனை செய்துகொள்வோம். படத்தில் கொள்முதல் நிலையத்து வாசல். தார்ப்பாயால் பாதி மூடிய நெல் குவியல். கிழக்கே கறுத்த வானம். ஓர் ஆள் இடுப்பில் கைவைத்து அண்ணாந்து நிற்கிறார். கீழே ஒரே வரி: அப்பா வானத்தைப் பார்த்தார். மன்னார்குடிப் பக்கத்துப் பிள்ளைக்கு இந்த ஒரு வரியில் ஒரு குடும்பத்தின் கதையே கேட்கும். நெல் நனையும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். காய வைக்க இன்னும் எத்தனை நாள் களத்திலேயே படுக்க வேண்டும்? நகைக்கடன் வட்டி நிற்குமா? சென்னையில் அடுக்குமாடி வீட்டில் வளரும் பிள்ளை, அப்பா நட்சத்திரம் பார்க்கிறார் என்று சொன்னால் அதில் ஆச்சரியமில்லை. அந்தப் பிள்ளைக்குப் புத்தி குறைவில்லை. இந்தச் செய்தி தெரியாது, அவ்வளவுதான்.

இதற்கும் ஓர் ஆய்வு உண்டு. 1988-ல் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய ஒரு பத்தியை மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். நன்றாக வாசிப்பவர்கள் என்று பெயரெடுத்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட, வாசிப்பில் பின்தங்கியும் ஆட்டம் தெரிந்தவர்கள் அதிகம் புரிந்துகொண்டார்கள். எங்கள் பிள்ளைகள் பின்தங்கியவர்கள் என்று எழுதி வைக்குமுன், அவர்களுக்குத் தெரிந்த உலகத்தைப் பற்றி எத்தனை பக்கம் வாசிக்கக் கொடுத்தோம் என்று எண்ணிப் பார்க்கலாம். மடையும் வரப்பும், வாத்து மேய்ப்பவரும், தாளடி நடவும் எத்தனை படப்புத்தகத்தில் வருகின்றன?

'இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு, நம்ம மரபு வேற' என்று அடுத்த அம்பு வரும். மனப்பாடம்தான் நம் மரபு என்று யார் சொன்னது? கும்பகோணத்தை ஒட்டிய தாராசுரத்துக்கு வாருங்கள். இரண்டாம் இராசராசன் 12-ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த ஐராவதேசுவரர் கோயிலில், கருவறைச் சுவரின் அடிப்பகுதியில் நாயன்மார் கதைகள் சிறுசிறு சிற்பங்களாக வரிசையாக ஓடுகின்றன. பெரியவர்கள் குனிந்தால்தான் சரியாகப் பார்க்க முடியும். பல சிற்பங்களோடு சில சொற்களில் தலைப்பும் வெட்டியிருக்கிறார்கள். படம், அதற்கு ஒரு வரி, அடுத்த படம். கல்லில் செய்த படப்புத்தகம் என்று நான் சொன்னால் அது மிகையில்லை. திருவாரூருக்குப் போனால் தேவாசிரிய மண்டபத்து விதானத்தில் முசுகுந்தன் என்ற மன்னனின் கதை ஓவியமாக ஓடுகிறது. அங்கேயும் படத்தோடு தமிழில் குறிப்புகள். ஒன்றுபோலவே செய்த ஆறு உருவங்களோடு உண்மையான தியாகராசரையும் கலந்து வைத்து, எது உன்னுடையது, எடுத்துக்கொள் என்கிறான் இந்திரன். முசுகுந்தன் சரியானதை எடுத்தான். எப்படித் தெரிந்தது என்று எந்தக் குழந்தையும் கேட்கும். கேட்க வைப்பதற்காகத்தானே வரைந்தார்கள்?

ஏட்டு மரபும் அப்படித்தான். பதவுரை, பொழிப்புரை, கருத்துரை, விளக்கம் என்று உரையாசிரியர்கள் பிரித்து வைத்தது எல்லாம் புரிந்துகொள்வதற்கான படிக்கட்டுகள். சொற்களைக் கொண்டுகூட்டிப் பொருள் கொள்ளச் சொல்லித்தந்தவர்கள். தாமே தடை எழுப்பித் தாமே விடை சொன்னவர்கள். நன்னூல் பாயிரம் ஆசிரியர் சொன்னதைப் பிசகாமல் வாங்கிக்கொண்டாலும் அது கால்பங்குதான் என்கிறது. கூடப் படிப்பவரோடு பழகினால் இன்னொரு கால். பிறருக்கு எடுத்துச் சொன்னால்தான் மீதி அரை. 1984-ல் பாலின்சார், பிரௌன் என்ற இரு அமெரிக்கர்கள், பிள்ளைகள் முறைவைத்து ஆசிரியர் இடத்தில் இருந்து ஊகிக்கவும், கேட்கவும், தெளிவுபடுத்தவும், சுருக்கிச் சொல்லவும் பழக்கினால் புரிதல் உயர்கிறது என்று காட்டினார்கள். அந்த அரைப்பங்கைத்தான் அவர்கள் தேடிப் பிடித்திருக்கிறார்கள். நாம் திண்ணைப் பள்ளிக்கூடத்தின் உருப்போடுதலை வைத்துக்கொண்டு, உரையாசிரியர்களின் கேள்வியைக் கைவிட்டோம். பிறகு அதற்கு மரபு என்று பெயர் வைத்தோம்.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. படத்தைப் பார்த்துச் சொல்லை ஊகிக்கப் பழக்குவது கெடுதல். நரியின் படத்தை நாய் என்று நினைத்து 'நரி' என்ற சொல்லையும் 'நாய்' என்று வாசிக்கிற பிள்ளைக்கு 'நல்ல முயற்சி' என்று தட்டிக்கொடுக்கக் கூடாது. எழுத்தைப் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும். அந்தப் பெருக்கலில் எழுத்தும் பூஜ்யமாக இருக்கக் கூடாது. படத்தை வைத்துச் சொல்லை ஊகிப்பது ஒன்று, சொல்லையும் படத்தையும் வைத்துக் கதையை ஊகிப்பது வேறொன்று. முதலாவதைக் காட்டி இரண்டாவதை விரட்டுகிறார்கள்.

உத்தி என்ற பெயரிலும் ஒரு கூத்து நடக்கக்கூடும். ஊகித்தல் ஒரு கட்டம், தொடர்புபடுத்தல் ஒரு கட்டம், சுருக்குதல் ஒரு கட்டம் என்று தாள் அச்சடித்துப் பிள்ளைகளை நிரப்பச் சொன்னால், பழைய வினா விடைக்குப் புதுச் சட்டை போட்டதாகத்தான் ஆகும். உத்தியைக் கற்பிக்க நாள் கணக்கில் பாடம் வேண்டாம். வாசிக்கும்போது நடுவே நிறுத்தி, ஆசிரியரே உரக்க யோசித்துக் காட்டினால் போதும்: 'எனக்கு இந்த எடம் வெளங்கலையே, முன்னால திருப்பிப் பாப்போமா?' ஆசிரியருக்கும் விளங்காமல் போகும் என்று தெரிவதே பிள்ளைகளுக்குப் பாதி தைரியம்.

'நேரம் ஏது? ஐந்து வகுப்புக்கும் இரண்டே டீச்சர்' என்பது வலிக்கிற உண்மை. ஆனால் படப்புத்தகம் கலந்து உட்கார்ந்த வகுப்புக்குத்தான் தோது. ஒரே கதை, எழுத்து தெரியாத பிள்ளை படத்தைப் பார்த்துச் சொல்லும், தெரிந்தது வரியை வாசிக்கும், பெரிய வகுப்பு காரணம் சொல்லும். எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-ல் வந்தபோது பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தார்கள். அவரவர் நிலைக்கேற்பக் கற்பிப்பது நல்ல எண்ணம்தான். ஆனால் அரும்புக்கு எழுத்து, மலருக்குத்தான் கதை என்று வகுப்பறையில் அது சுருங்கிவிடக் கூடாது. கதை மிகவும் தேவைப்படுவது அரும்புக்குத்தான். எதற்காக இந்த எழுத்தோடு மல்லுக்கட்டுகிறோம் என்று அந்தப் பிள்ளைக்குத்தான் தெரிய வேண்டும்.

புத்தகம் இல்லை என்றும் இனிச் சொல்ல முடியாது. அரசின் வாசிப்பு இயக்கம் 2023-லிருந்து நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலையில் சிறு சிறு புத்தகங்களைப் பள்ளிகளுக்கு அனுப்பியது. பேச்சுத் தமிழுக்குப் பக்கத்தில் நிற்கிற நடை, பக்கத்துக்குப் பக்கம் படம். பெயர் வைத்தவர் கையைப் பிடித்துக் குலுக்கலாம். ஆனால் நான் போன பல பள்ளிகளில் புத்தகங்கள் பீரோவுக்குள் பத்திரமாக இருக்கக் கண்டேன். கிழிந்தால் யார் பதில் சொல்வது, ஸ்டாக் ரிஜிஸ்டரில் எண்ணிக்கை குறைந்தால் என்ன செய்வது? நான் வேலை பார்த்த காலத்திலும் ஒரு பீரோ இருந்தது. சாவி என்னிடம்தான் இருந்தது. ஓய்வு பெறும் நாளில் அத்தனை புத்தகத்தையும் கிழியாமல் கசங்காமல் எண்ணி ஒப்படைத்தேன். நல்ல நிர்வாகி என்று பாராட்டினார்கள். ஒரு வாத்தியாருக்கு அதைவிட அவமானம் வேறில்லை என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

அந்தச் சிறுமியிடம் திரும்பி வருகிறேன். அன்றிலிருந்து வாரம் இரண்டு மாலை நாங்கள் வேறெதுவும் செய்யவில்லை. படப்புத்தகம் பார்த்தோம், நடுவே நிறுத்திப் பேசினோம். கோழியையும் நரியையும் நானே வெள்ளைத்தாளில் கோணல்மாணலாக வரைந்து கொண்டுபோனேன். முதல் இரண்டு வாரம் அவள் வரியை மட்டும் கணீரென்று வாசித்துவிட்டு என்னைப் பார்ப்பாள். மூன்றாவது வாரம் வைக்கோல் போர் பக்கத்தில் அவளுக்கு முன்னால் ஒன்றாம் வகுப்புப் பொடியன் ஒருவன் கத்தினான்: "அய்யோ, பின்னாடி பாரு, பின்னாடி பாரு!" எழுத்தே தெரியாத பையன். அவள் சட்டென்று குனிந்து படத்தைப் பார்த்தாள். பிறகு முதல் பக்கத்துக்குத் திருப்பினாள். அங்கிருந்து ஒவ்வொரு பக்கமாக, வரியை விட்டுவிட்டு நரியை மட்டும் தேடிக்கொண்டு வந்தாள்.

பங்குனி முடியும் சமயம், அந்தப் பழைய சிலேட்டு வரிகளை மறுபடி எழுதிக் கொடுத்தேன். பாட்டி, குடை, முந்தானை, அடுப்பு. கேள்வியும் அதேதான். இம்முறை அவள் கண் வரிகளில் ஓடவில்லை. என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்; இதுகூடத் தெரியாதா இந்த ஆளுக்கு என்கிற பார்வை.

"மழைன்னு போடல சார். பெஞ்சிருக்கு."